இரண்டு இனப்படுகொலைகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இனப்படுகொலைகளைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் நாட்டின் பெயர், வலப்பக்கம் இறந்தவர்களின் எண்ணிக்கை. அந்த அட்டவணையிலிருந்து எந்தக் கேள்விக்கும் பதில் வராது. எது பெரியது என்ற சண்டைதான் வரும்.

சில ஆண்டுகளாக ஒரு சிறு வாசிப்புக் குழுவை நடத்தி வருகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சொந்த ஆர்வத்தில் படிக்கிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். யார் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. அந்த அனுபவத்தில் தேறிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். படிகளை மாற்றிச் செய்தால் பின்னால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி தொடங்க நேரும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

காலம்தான் முதல் தேவை. ஒரு நிகழ்வுக்கு ஆறு வாரம் வையுங்கள். இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு நான்கு மாதமாவது ஆகும்.

இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வேண்டும். ஒன்றில் என்ன நடந்தது, யார் சொன்னார், எந்தப் பக்கம் என்பது மட்டும் இருக்கட்டும். மற்றதில் உங்கள் கருத்து, கோபம், சந்தேகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே நோட்டில் எழுதினால், மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது சாட்சி சொன்னது எது, நீங்கள் நினைத்தது எது என்று பிரிக்க முடியாது.

அந்த நாட்டின் வரைபடம் ஒன்று காகிதத்தில் வேண்டும். சாலைகள், ஆறுகள், எல்லைகள் தெரிய வேண்டும். தப்பி ஓடியவர்கள் ஏன் அந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது வரைபடம் இல்லாமல் புரியாது.

பேச ஓர் ஆளும் வேண்டும். எங்கள் குழுவில் ஓர் ஆசிரியர் ஓர் இரவு முழுவதும் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் தொடர்ந்து வாசித்தார். அடுத்த இரண்டு வாரம் அவரால் கூட்டத்துக்கு வர முடியவில்லை. அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: வாக்குமூலங்களைப் பகலில் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் வாசிப்பது. மனம் களைத்துவிட்டால் பத்தாவது சாட்சி சொல்வது ஒன்பதாவது சாட்சி சொன்னதைப் போலவே காதில் விழும். அது அந்தப் பத்தாவது மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

2. சட்ட வரையறையைக் கையால் எழுதுங்கள்

1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு மிகச் சிறியது. அதைச் சுருக்கமாகச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்காமல் அசல் வாசகத்தையே எடுத்து, ஒவ்வொரு சொல்லாகக் கையால் எழுதுங்கள். கை எழுதும்போதுதான் கண் தாண்டிப் போன சொற்கள் தட்டுப்படும்.

அதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலாவது, குழு: தேசிய, இனக்குழு, இன, மதக் குழுக்கள் என்று நான்கு மட்டும். அரசியல் குழுக்கள் அதில் இல்லை. இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிப் பல லட்சம் பேரைக் கொன்றதை இந்த வரையறைக்குள் கொண்டுவருவதில் இன்றுவரை வாதம் நடப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, செயல். ஐந்து செயல்கள் பட்டியலில் உள்ளன: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு செய்தல், அழிவைக் கொண்டுவரும் வாழ்நிலைகளைத் திட்டமிட்டுச் சுமத்துதல், பிறப்பைத் தடுத்தல், ஒரு குழுவின் குழந்தைகளை வலுக்கட்டாயமாக இன்னொரு குழுவுக்கு மாற்றுதல். ஐந்தில் ஒன்றுதான் கொலை.

மூன்றாவது, நோக்கம்: அந்தக் குழுவை முழுமையாகவோ ஒரு பகுதியையோ, அந்தக் குழு என்பதற்காகவே, அழிக்கும் நோக்கம். வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. கொலை நடந்ததை நிறுவுவதைவிட நோக்கத்தை நிறுவுவது பல மடங்கு கடினம்.

புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை மூன்றையும் ஏணிப்படிகளாக நினைப்பது. அவை வேறு வேறு கேள்விகளைக் கேட்கும் மூன்று குற்றங்கள். இனப்படுகொலை என்று தீர்ப்பு வராவிட்டால் நடந்தது சிறியது என்று பொருள் அல்ல.

3. தமிழ்ச் சொற்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நம் மொழியில் படிக்கிறவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. ‘இனப்படுகொலை’ என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அதனால் கொலை நடந்தால்தான் அது, ஏராளமாக நடந்தால்தான் அது என்ற எண்ணம் நம்மை அறியாமல் பதிந்துவிடுகிறது. பட்டியலின் மற்ற நான்கு செயல்களும் கண்ணில் படாமல் போகின்றன. ஈழத்து எழுத்தில் வழங்கும் ‘இன அழிப்பு’ அந்த வகையில் வரையறைக்கு நெருக்கமான சொல். நான் இங்கே பரவலான சொல்லையே பயன்படுத்துகிறேன். எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே வையுங்கள்.

‘இனம்’ இன்னும் சிக்கலானது. மொழியால் ஆன இனம், பிறப்பால் ஆன இனம், உயிரின வகை என்று எல்லாவற்றுக்கும் நமக்கு அந்த ஒரே சொல்தான். உடன்படிக்கையில் உள்ள நான்கு குழுக்களுக்கும் தனித்தனிச் சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கலவரம்’ என்ற சொல்லை மூட்டை கட்டி வையுங்கள். இரு தரப்பும் மோதிக்கொண்டதைத்தான் அது குறிக்கும். ஒரு தரப்பு பட்டியல் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

4. ஒரே ஒரு நிகழ்வோடு தொடங்குங்கள்

முதல் நிகழ்வாக ஆப்பிரிக்காவின் ருவாண்டாவை எடுக்கச் சொல்கிறேன். பெரும்பான்மை ஹுட்டுகளின் தீவிரவாதத் தலைவர்கள் சிறுபான்மைத் துட்சிகளைக் கொல்ல வைத்த நிகழ்வு அது. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. கொலைகள் 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறக்குறைய நூறு நாள். காலம் குறுகியது என்பதால் நாள் நாளாகப் பின்தொடரலாம். நாடு சிறியது. தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் விசாரணைப் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இப்போது நடந்துகொண்டிருக்கும் நிகழ்வை முதலில் எடுக்காதீர்கள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. பேசியே ஆக வேண்டும். ஆனால் ஆவணங்கள் இன்னும் மூடிக் கிடக்கும், நாள்தோறும் செய்தி மாறும், கற்கும் முறை கைக்கு வருவதற்குள் மனம் உடைந்துவிடும்.

5. காலவரிசையை நீங்களே எழுதுங்கள்

யாரோ போட்ட காலவரிசையை நகலெடுக்காதீர்கள். எந்தத் தேதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும்போதுதான் நிகழ்வு புரியத் தொடங்கும்.

ருவாண்டாவுக்குப் பெரும்பாலோர் எழுதும் முதல் தேதி 1994 ஏப்ரல் 6. அன்று இரவு அதிபர் ஹப்யாரிமனாவின் விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இங்கே தொடங்கினால், ஆத்திரத்தில் மக்கள் வெடித்தார்கள் என்ற கதைக்குள் போய் விழுவீர்கள். சிலர் நேர்மாறாக பெல்ஜிய ஆட்சிக்குப் போய், ஹுட்டு, துட்சி என்று இனத்தைக் குறித்த 1930களின் அடையாள அட்டையிலிருந்து நேராக 1994க்குக் கோடு இழுத்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் எல்லாம் தலைவிதி போலத் தோன்றும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள தேதிகளை நிரப்புங்கள். 1990 அக்டோபர் 1: துட்சி அகதிகளின் படை உகாண்டாவிலிருந்து நுழைகிறது. 1993 ஜூலை: வெறுப்பைப் பரப்பிய தனியார் வானொலி ஒலிபரப்பைத் தொடங்குகிறது. 1993 ஆகஸ்ட் 4: அருஷாவில் சமாதான ஒப்பந்தம். 1993 அக்டோபர் 21: பக்கத்து நாடான புருண்டியில் ஹுட்டு அதிபர் கொலை. 1994 ஜனவரி 11: ஆயுதக் கிடங்குகள் பற்றி ஐ.நா. படைத் தளபதி டலேர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்புகிறார். ஏப்ரல் 21: கொலைகள் உச்சத்தில் இருக்கும்போது பாதுகாப்பு சபை அந்தப் படையை 270 பேராகக் குறைக்கிறது.

அருஷா ஒப்பந்தம், ஜனவரித் தந்தி போன்றவற்றை வேறு மையில் எழுதுங்கள். கதை வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடிய நாட்கள் அவை. ஒப்பிடும்போது இந்த நாட்கள்தான் மிகவும் உதவும்.

6. ஒரு சிற்றூருக்குள் இறங்குங்கள்

நாடு முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தால் ‘ஹுட்டுகள் துட்சிகளைக் கொன்றார்கள்’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். ஆகவே ஓர் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்து அதற்குள் தங்குங்கள். டாபாவை எடுங்கள். அதன் தலைவராக இருந்த ழான் பால் அகயேசு மீதான தீர்ப்பு 1998 செப்டம்பர் 2 அன்று வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் விசாரித்து வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு அதுதான்.

தீர்ப்பை வாசித்தால் முதலில் திகைப்புதான் வரும். ஏப்ரல் 7க்குப் பின் முதல் பத்து நாள் அகயேசு வன்முறையைத் தடுக்க முயன்றிருக்கிறார். ஏப்ரல் 18 அன்று, அதிபர் இறந்தபின் அமைந்த இடைக்கால அரசின் தலைவர்கள் ஊராட்சித் தலைவர்களைக் கூட்டிப் பேசுகிறார்கள். மறுநாள் அதிகாலை அவரே ஒரு கூட்டத்தின் முன் நின்று, எதிரி ஒருவனே என்று பேசுகிறார். ஜூன் இறுதிக்குள் டாபாவில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

இப்போது அதே வாரத்தில் தெற்கே புட்டாரே மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே ஆட்சியராக இருந்தவர் ஒரு துட்சி. அவர் இருந்தவரை பெருமளவு கொலைகள் தொடங்கவில்லை. ஏப்ரல் 17 வாக்கில் அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறார்கள். 19ஆம் தேதி இடைக்கால அதிபரே நேரில் வந்து பேசுகிறார். பிறகு புட்டாரேயில் நடந்தது நாட்டிலேயே மிகக் கொடிய கொலைகளில் சேரும்.

உங்கள் முதல் ஒப்பீடு இதுதான். நாட்டோடு நாட்டை ஒப்பிடும் முன், ஒரே நாட்டின் இரண்டு ஊர்களை ஒப்பிடுங்கள். மொழி, வரலாறு, வானொலி எல்லாம் ஒன்றாக இருக்கும்போது, எது வேறுபட்டது என்பது தெளிவாகத் தெரியும். டாபாவையும் புட்டாரேயையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர், பிறகு ஒருபோதும் ‘பழைய பகை வெடித்தது’ என்று எழுத மாட்டார். பகை வெடிக்கவில்லை. மேலிருந்து ஆட்கள் வந்து கூட்டம் போட்டார்கள்.

7. சான்றுகளை வகை பிரியுங்கள்

கொலையாளிகளின் ஆவணம், உயிர் தப்பியவரின் சாட்சியம், வெளியாரின் குறிப்பு, தடயவியல் என்று நான்கு வகையாகப் பிரித்து வைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய பொறி ஒன்று உண்டு.

கொலையாளிகள் நேராக எழுதுவதில்லை. நாஜி ஜெர்மானிய ஆவணங்களில் ‘சிறப்புக் கவனிப்பு’ என்று இருக்கும். ஆர்மீனியர்களைத் துரத்திய ஒட்டோமான் ஆணைகளில் ‘இடமாற்றம்’. ருவாண்டாவில் ‘வேலை’. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொலைகள் நடந்தபோது ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல் ஒன்றில், போஸ்னிய செர்பிய அதிகாரி ஒருவர் இன்னும் 3,500 ‘பார்சல்களை’ விநியோகிக்க வேண்டியிருப்பதாகத் தன் மேலதிகாரியிடம் சொல்கிறார். அந்தப் பார்சல்கள் மனிதர்கள். இப்படிப்பட்ட சொற்களுக்குத் தனி அகராதி ஒன்று தயாரியுங்கள். இரண்டாவது நிகழ்வுக்குப் போகும்போது, அங்கே அந்த இடத்தில் எந்தச் சொல் இருந்தது என்று தேடத் தெரியும்.

வாக்குமூலம் என்று தலைப்பிட்டதெல்லாம் வாக்குமூலம் ஆகிவிடாது. கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆண்டபோது நடத்திய டுவோல் ஸ்லெங் சிறையில் 12,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சித்திரவதையின் கீழ் கைதிகள் எழுதிய ஒப்புதல்களில் தாம் அந்நிய உளவாளிகள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்தக் காகிதம் சான்றாகாது. விசாரித்தவர்கள் எதைக் கேட்க விரும்பினார்கள் என்பதற்கோ அது மிகச் சிறந்த சான்று.

சாட்சியத்தை மொழிபெயர்ப்பில்தான் வாசிக்கிறோம் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வையுங்கள். அகயேசு வழக்கில் சாட்சிகள் கின்யருவாண்டாவில் பேசினார்கள். அது பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. வன்புணர்வைக் குறிக்க அவர்கள் சுற்றி வளைத்துச் சொன்ன சொற்களுக்கு என்ன பொருள் என்பதை நீதிமன்றம் தீர்ப்பிலேயே தனியாக விளக்க வேண்டியிருந்தது.

அந்த வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. ஒரு தாய் தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சாட்சிக் கூண்டில் சொன்ன பிறகு, நீதிபதிகள் மேலும் கேள்விகள் கேட்டார்கள். அமர்வின் ஒரே பெண் நீதிபதி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. இறுதியில், வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாக இருக்க முடியும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கேள்விகளைக் கேட்டிராவிட்டால், டாபாவின் பெண்களுக்கு நடந்தது அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இருந்திருக்காது. ஆகவே ஓர் ஆவணத்தில் ஒன்று இல்லை என்றால், நடக்கவில்லை என்று முடிவு கட்டும் முன் அதைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று பாருங்கள்.

8. எண்களை இப்போது எடுங்கள்

எண்களை எட்டாவது படியில் வைத்தது வேண்டுமென்றேதான். சான்றுகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்த பிறகுதான் ஓர் எண்ணை எடைபோட முடியும்.

ருவாண்டாவில் இறந்தோர் குறைந்தது 5 லட்சம் என்கிறது மனித உரிமைகள் கண்காணிப்பகம். 8 லட்சம் என்பது ஐ.நா. வழக்கமாகச் சொல்வது. 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. புதியவர்கள் இதைப் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். வேறுபாடு தொடங்குவது அடித்தளத்தில். 1991 கணக்கெடுப்பு நாட்டில் துட்சிகள் 8.4 விழுக்காடு என்றது. அது குறைத்துக் காட்டப்பட்டதா என்பதில் வாதம் உண்டு. அந்தத் தொடக்க எண் மாறினால் முடிவு எண்ணும் மாறும். கொல்லப்பட்ட ஹுட்டுகளைச் சேர்க்கிறோமா என்பது இன்னொரு காரணம்.

எனவே எந்த எண்ணையும் தனியாக எழுதாதீர்கள். யார் சொன்னது, எப்போது, எந்த முறையில், யார் யாரைச் சேர்த்து என்ற நான்கும் கூடவே வர வேண்டும்.

எண்ணிக்கையைக் குழப்புவதும் குற்றத்தின் பகுதியாக இருந்திருக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்தவர்கள், சில வாரங்கள் கழித்து இயந்திரங்களைக் கொண்டுவந்து புதைகுழிகளைத் தோண்டி உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. டி.என்.ஏ. சோதனையால்தான் அவற்றை ஒருவராகச் சேர்க்க முடிந்தது. எண்கள் உறுதியாக இல்லை, எனவே நடக்கவில்லை என்று மறுப்பவர்கள் வாதிடும்போது, எண்ணிக்கை ஏன் உறுதியாக இல்லை என்ற கதையை நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

9. கேள்வியை முதலில், இரண்டாவது நிகழ்வைப் பிறகு

இரண்டாவது நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு என்ன ஒப்பிடலாம் என்று தேடுவது தலைகீழான வழி. முதலில் கேள்வி. அது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேட்கக்கூடியதாகவும், ஆவணத்தில் பதில் தேடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

‘எது கொடியது?’ என்பது கேள்வியே அல்ல. ‘மனிதன் ஏன் இப்படி?’ என்பது பெரிய கேள்விதான், ஆனால் நான்கு மாதத்தில் பதில் வராது. இவை நல்ல கேள்விகள்: யாரைக் கொல்வது என்று கொலையாளிக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் குழுவிலிருந்து வெளியேறித் தப்ப வழி இருந்ததா? மறுத்த அதிகாரிகளுக்கு என்ன ஆனது? இறந்தவரின் வீடும் நிலமும் யாருக்குப் போயின?

கடைசிக் கேள்வியைத் தமிழில் இதுவரை யாரும் விரிவாக எடுத்து நான் பார்க்கவில்லை. எடுத்தால் மகிழ்வேன்.

10. ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்ப்போம்

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ருவாண்டாவும் கம்போடியாவும்.

ருவாண்டாவில் அடையாள அட்டையில் இனம் அச்சிட்டிருந்தது. சாலைத் தடுப்புகளில் அட்டையைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். அங்கே தந்தை வழியில்தான் இனம் போகும். அதனால் துட்சி ஆணின் கருவைச் சுமந்த ஹுட்டுப் பெண்களும் கொல்லப்பட்டார்கள். அப்படி ஒரு பெண்ணைப் பற்றி அகயேசு சொன்னதாக ஒரு சாட்சி கூறியது தீர்ப்பில் இருக்கிறது: சுரைக்குடுக்கையைப் பாம்பு சுற்றிக்கொண்டால், குடுக்கையை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கம்போடியாவில் 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சி. இனத்தைக் காட்டும் அட்டை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வியட்நாமியர்களைக் கண்டுபிடிக்க ஊரில் யார் யார் என்று விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். இங்கே தாய் வழி பார்த்தார்கள். தாய் வியட்நாமியர் என்றால் குழந்தைகளையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். தந்தை மட்டும் வியட்நாமியர் என்றால் தந்தையை மட்டும் கொண்டுபோனதைச் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தவுடன் என்ன தெரிகிறது? ரத்தம் என்று அவர்கள் சொன்னது ரத்தம் அல்ல; ஊர் வழக்கம். ஓரிடத்தில் தந்தை, இன்னோரிடத்தில் தாய். ஜெர்மனியில் 1935இன் சட்டங்கள் தாத்தா பாட்டிகளின் மதத்தைப் பார்த்து யூதரா என்று தீர்மானித்தன. எல்லையைக் கோடு போட்டது கொலையாளிதான்.

இன்னொன்றும் தெரிகிறது. அட்டை இல்லாமலேயே கம்போடியாவில் முடிந்தது என்றால், ருவாண்டாவில் அட்டை எவ்வளவு தேவைப்பட்டது? இந்தக் கேள்வியோடு டாபாவுக்குத் திரும்பிப் போனால், குன்றுகளில் அண்டை வீட்டாருக்கு யார் யார் என்று ஏற்கெனவே தெரியும் என்பதைக் காண்பீர்கள். முகம் தெரியாதவர்கள் கடந்து போகும் சாலையில்தான் அட்டை உயிரைத் தீர்மானித்தது. நல்ல ஒப்பீடு உங்களை முதல் நிகழ்வுக்கே திருப்பி அனுப்பும். அங்கே நீங்கள் சரி என்று விட்டுவந்த ஒரு விளக்கம் ஆட்டம் காணும். அது நடக்காவிட்டால், இரண்டு தனிக் கட்டுரைகளை ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தப்ப வழி இருந்ததா என்ற இரண்டாவது கேள்விக்கு ஒட்டோமான் பேரரசின் ஆர்மீனியர்களைச் சேர்த்துப் பாருங்கள். 1915இல் சிரியப் பாலைவனம் நோக்கித் துரத்தப்பட்ட ஆர்மீனியர்களில் பல பெண்களும் குழந்தைகளும் முஸ்லிம் வீடுகளுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டு, மதமும் பெயரும் மாற்றப்பட்டு உயிரோடு இருந்தார்கள். நாஜி ஜெர்மனியில் மதம் மாறிய யூதருக்கு அந்தக் கதவும் இல்லை. ஆனால் ஆர்மீனியக் குழந்தை தப்பியது என்று எழுதிவிட்டு நகராதீர்கள். உடன்படிக்கையின் ஐந்தாவது செயலை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

11. சட்டம் வைத்த பெயரையும் நடந்ததையும் பிரித்து எழுதுங்கள்

கம்போடியாவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 17 லட்சம் என்பது பரவலான மதிப்பீடு. ஐ.நா. துணையோடு கம்போடியாவில் அமைந்த நீதிமன்றத்தின் 2018 நவம்பர் 16 தீர்ப்பில் இனப்படுகொலை என்று நிறுவப்பட்டது வியட்நாமியர்கள் மீதும் சாம் முஸ்லிம்கள் மீதும் நடந்தவை மட்டும். இறந்தவர்களில் பெரும்பான்மையான கெமர் மக்களுக்கு நேர்ந்தது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில் வருகிறது. ‘கம்போடிய இனப்படுகொலையில் 17 லட்சம் பேர்’ என்று எழுதினால் வழக்கறிஞர் அது தவறு என்பார், வரலாற்றாசிரியர் பலர் சரி என்பார்கள். எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும்.

சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்பாக எழுதுவது அடிக்கடி நான் திருத்தும் பிழை. ரோஹிங்கியாக்கள் தொடர்பாக மியான்மருக்கு 2020 ஜனவரியிலும், காசா தொடர்பாக இஸ்ரேலுக்கு 2024 ஜனவரியிலும் வந்தவை இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவுகள். அவை எடை மிகுந்தவை. ஆனால் குற்றம் நிறுவப்பட்டது என்று அவை சொல்லவில்லை.

12. நம் கதையை எப்போது எடுப்பது

என்னிடம் வருகிறவர்களில் பலர் முள்ளிவாய்க்காலை மனத்தில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அதில் தவறே இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன். ஆனாலும் அதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். அதை முதலில் வைத்தால், மற்ற மக்களின் சாவுகள் நம் வழக்குக்கு நாம் அழைக்கும் சாட்சிகளாக மட்டும் மாறிவிடும். துட்சித் தாயின் சொல்லை அவளுக்காகக் கேட்கப் பழகியவர்தான் நந்திக்கடல் ஓரத்துத் தாயின் சொல்லையும் முழுதாகக் கேட்க முடியும்.

எடுக்கும்போது, இதுவரை சொன்ன அதே கண்டிப்பு வேண்டும். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. 2012இல் ஐ.நா.வின் உள் ஆய்வு 70,000க்கும் மேல் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்றது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை போர்க்குற்றங்களையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களையும் பேசியது. இனப்படுகொலை என்ற முடிவுக்குப் போகவில்லை. 2013இல் பிரேமனில் கூடிய நிரந்தர மக்கள் தீர்ப்பாயம் இனப்படுகொலை என்றது. 2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றமும் அந்தச் சொல்லையே ஏற்றது. நிபுணர் குழு, மக்கள் தீர்ப்பாயம், நாடாளுமன்றம் மூன்றும் வேறு வேறு வகை அமைப்புகள். மூன்றையும் ஒரே வரியில் அடுக்கி ‘உலகமே ஏற்றுக்கொண்டது’ என்று எழுதினால், எதிர்த் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்து முழுக் கட்டுரையையும் தூக்கி எறியும். எந்த அமைப்பு, எந்த அதிகாரத்தில், எதைச் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். அப்படி எழுதினால் நம் மக்களுக்கு நடந்தது ஒரு துளியும் குறையாது.

13. எழுதும்போது

தமிழில் செயப்பாட்டு வினை கொலையாளியை மறைத்துவிடும். ‘கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கொன்றது யார் என்று தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் ‘கொன்றார்கள்’ என்று மாற்றி, யார் என்பதையும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் மட்டும் பழைய வடிவம் இருக்கட்டும்.

‘பலியானார்கள்’ வேண்டாம். பஸ் கவிழ்ந்தாலும் வெள்ளம் வந்தாலும் நாளிதழில் வரும் சொல் அது. ‘மிருகத்தனம்’, ‘வெறியாட்டம்’ ஆகியவையும் வேண்டாம். டாபாவில் கூட்டம் கூட்டி, பட்டியல் போட்டு, சாலையில் தடுப்பு வைத்துச் செய்ததை வெறி என்று எழுதினால் அந்த நிர்வாகம் முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இரண்டு நாடுகளையும் பாதிப் பாதியாகப் பிரித்து எழுதாமல், கேள்வி கேள்வியாக எழுதுங்கள். ஒவ்வொரு கேள்வியின் கீழும் இரண்டு நாடுகளும் வரட்டும்.

முடித்ததும் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் முதல் நிகழ்வை மட்டும் அறிந்தவராகவும், மற்றவர் இரண்டாவதை மட்டும் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். தாம் அறிந்த நிகழ்வு, மற்றதற்கு வசதியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது என்று இருவரில் யார் சொன்னாலும், அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.